உட்கருவுக்கு வெளியே நின்ற நிறம்

"சார், அக்கா மவுத்தாயிட்டாக" என்று மைமூனின் தம்பி காதர் போனில் சொன்னபோது, பழனிசெட்டிபட்டியில் பால் பாக்கெட்டும் கையுமாக நின்றிருந்தேன். வருத்தத்துக்கு முன்னால் கோபம்தான் வந்தது. அக்கா அத்தனை சொல்லியும் இந்த மனுஷன் இன்னும் பரிசோதனைக்குப் போகவில்லையே என்ற கோபம். சாவுச் செய்தி சொல்கிறவரிடம் அதைக் கேட்க முடியுமா? "எத்தனை மணிக்கு அடக்கம்?" என்று மட்டும் கேட்டேன்.

டாக்டர் மைமூனும் நானும் தேனியில் ஒரே பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்தோம். நோயாளியின் உடலிலிருந்து எடுத்த சதைத்துணுக்கை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, புற்றுநோயா இல்லையா என்று எழுதுவது எங்கள் பிழைப்பு. என்னைவிட வயதில் இளையவர், சண்டையில் மூத்தவர். 'இருக்கிறது' என்று நான் எழுதிய எத்தனையோ ரிப்போர்ட்டைத் திருப்பி என் மேசையில் போட்டு, "எங்கன இருக்குன்னு எழுதாம என்னண்ணே ரிப்போர்ட்டு இது?" என்பார். எரிச்சலாக இருக்கும். முணுமுணுத்துக்கொண்டே மறுபடி எழுதிக் கொடுப்பேன்.

அவருக்கே குடலில் கட்டி வந்தது. மதுரையில் அறுவை முடிந்தது. டி.என்.ஏ.வில் விழும் பிழைகளைச் சரிசெய்கிற புரதங்கள் கட்டியில் இருக்கின்றனவா என்று வெளியூரில் சோதித்து, எல்லாம் இருக்கிறது என்று ரிப்போர்ட் அனுப்பினார்கள். குடும்ப வழியாக வரும் வகை இல்லை என்று எல்லோருக்கும் நிம்மதி. மைமூன் மட்டும் ஸ்லைடைக் கேட்டு வாங்கிவிட்டார். தன் குடலைத் தானே பார்க்க உட்கார்ந்தவரைத் தடுத்தேன். கேட்டால்தானே?

"அண்ணே, இங்கன வந்து பாருங்க."

குனிந்து பார்த்தேன். புரதத்தைக் காட்டும் பழுப்பு நிறம் செல்லின் உட்கருவுக்குள் விழுந்திருக்க வேண்டும். டி.என்.ஏ. இருப்பது அங்கேதான். கட்டியின் செல்களிலோ உட்கரு வெறும் நீலமாகக் கிடந்தது. பழுப்பு அதைச் சுற்றி வெளியே நின்றது. உள்ளே போகாத புரதம் எதைக் காக்கும்?

"சாயம் சரியாப் பிடிக்காம இருக்கலாம்மா" என்றேன்.

"பக்கத்துல நல்ல செல்லுல எல்லாம் உள்ளதான விழுந்திருக்கு? எனக்காகப் பொய் சொல்லாதீக."

மறுபடியும் குனிந்து பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். இந்த வகை, குடும்ப வழியாக வருவதாக இருக்கலாம். பிறகு செய்த ரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது. அவர் தகப்பனார் வயிற்று வலியிலேயே இளம் வயதில் போனவர். கூடப் பிறந்தது தம்பி காதர் மட்டும்தான்.

மருந்து ஏற்றிய களைப்போடு என்னையும் இழுத்துக்கொண்டு உத்தமபாளையம் போனார். அங்கே காதருக்கு மோட்டார் வைண்டிங் கடை. தம்பிக்குப் புரியும்படி சொன்னார்: "ஏலே, மோட்டாரு கிணத்துக்குள்ள ரிப்பேராக் கெடக்கு. மெக்கானிக்கு ரோட்டுல நிக்கிறான். ஆளு வந்துட்டான்னு சொன்னா தண்ணி வந்துருமா? என் உடம்புல அதான் நடந்திருக்கு. ஒனக்கும் இருக்கலாம்டா. ரத்தம் குடு. குடலப் பாத்துருவோம். முன்னாடியே பாத்தா பொழைச்சுக்கலாம்."

காதர் கையிலிருந்த செம்புக் கம்பியைக் கீழே வைக்கவில்லை. "ஓடிக்கிட்டு இருக்குற மோட்டார யாருக்கா கழட்டிப் பாப்பா?" என்றார்.

மைமூன் அழுததை அன்றுதான் பார்த்தேன். திரும்பும் வழியில் சின்னமனூர் தாண்டினோம். பிறகு, "எத்தனை வீட்டுக்கு எழுதிக் குடுத்திருக்கேன். என் வீட்டுல ஒருத்தன் கேக்க மாட்டேங்குறானே" என்றார். என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "நான் போனப்புறம் என்னையப் பத்தி எழுதுனா புகழாதீக. நோய மறைக்காம எழுதுங்க. அவன் படிக்கணும்." சரி என்று தலையாட்டினேன்.

அடக்கம் முடிந்ததும் காதர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கும் இருந்துட்டா என்ன சார் செய்ய?" இத்தனை நாள் நான் திமிர் என்று நினைத்தது வெறும் பயம்.  ஏதோ சொன்னேன், அந்தக் கூட்டத்தில் அவர் காதில் விழுந்ததா, தெரியவில்லை.

மைமூனைத் தெரிந்தவர்களே, அவர் எனக்கு விட்டுப்போனது இந்த ஒரு கவலைதான். அதைத் தூக்கிக்கொண்டுதான் தினமும் வேலைக்குப் போய் வருகிறேன். காதர், நீ கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். இருந்தால், விடாமல் குடலைப் பார்த்துக்கொண்டே இருப்போம். முளைப்பதை முளையிலேயே எடுப்பார்கள். இல்லாவிட்டால் அந்த நிம்மதி உன் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான். பயமாக இருந்தால் பயத்தோடேயே வா. அக்கா இருந்தால் உன்னோடு வந்திருப்பார். அவருக்குப் பதிலாக நான் வந்து, ரத்தம் எடுக்க உன் பேரைக் கூப்பிடும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.