வாந்திபேதி ஆக்டிங்

ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா கச்சேரியில் நான் இரண்டரை வருஷம் வாலண்டியராக இருந்தேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டும்: வாலண்டியர் என்றால் சம்பளமில்லாத குமாஸ்தா. வேலை மட்டும் முழுசாக உண்டு. நிரந்தரக் குமாஸ்தா யாராவது லீவில் போனால் அந்த நாற்காலியில் 'ஆக்டிங்' கிடைக்கும். அவர் திரும்பாமலே போய்விட்டால் நிரந்தரமாகவே கிடைக்கும். ஆகையால் கச்சேரியில் யார் இருமினாலும் நாங்கள் மிகுந்த அக்கறையோடு கேட்போம்.

நான் ராஜபாளையத்திலிருந்து மெட்ரிகுலேஷன் தேறி வந்தவன். பெஞ்சில் எனக்கு அடுத்தவன் காதர் மைதீன். என்னைவிட நல்ல கையெழுத்து. சர்வீஸில் ஆறு மாதம் இளையவன். சம்பளமில்லாத சர்வீஸுக்கும் சீனியாரிட்டி உண்டு.

ஒரு சித்திரை மாதம், கச்சேரியின் தலைமைக் குமாஸ்தாவான சிரஸ்தார் என்னை உள்ளே கூப்பிட்டு, முதல் தடவையாக உட்காரச் சொன்னார். அப்போதே ஓடியிருக்க வேண்டும்.

"ஆக்டிங் ஒண்ணு விழுந்திருக்குய்யா. நாளைக்கே கேம்ப். வத்திராயிருப்புக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். சாவுக் கணக்கைச் சரிபாக்கணும். கெணத்துல செவப்பு மருந்து போடுறத நின்னு பாக்கணும். போறியா?"

வாந்திபேதி என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. ஆனால் கச்சேரி முழுக்கத் தெரிந்த விஷயம். கதவுக்கு வெளியே காதரின் நிழல் தெரிந்தது.

"போறேங்கய்யா" என்றேன்.

கிராமத்துச் சாவடி வாசலில் ஊர்க் கணக்கு எழுதும் கர்ணம் நின்றிருந்தார். "பழைய குமாஸ்தா வரலியா?"

"அவருக்கு வயித்து நோவு. லீவு."

"நோவு இங்கன இருக்கு, அவிய அங்கன படுத்துட்டாவளா?" என்றார். சிரிக்கவில்லை. முந்தின நாள்தான் தன் தம்பியின் பெயரைத் தன் கையாலேயே சாவுப் பதிவேட்டில் எழுதியிருந்தார்.

தண்ணீரைத் தொடாமல் எட்டு நாளை இளநீரிலேயே தள்ளினேன். வெறும் இளநீர் வயிற்றை என்ன பாடுபடுத்தும் என்று நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை. உள்ளே கடமுடா என்றால் உடனே நாடியைப் பிடித்துப் பார்ப்பேன். காலையில் கர்ணம் பெயர்களைச் சொல்லச் சொல்ல எழுதுவேன். கீழே காலியாக இருக்கும் அடுத்த வரியைப் பார்க்காமல் பதிவேட்டை மூடுவேன்.

ஆறாம் நாள் ஊர் எல்லைப் புளியமரத்தடியில் காதர் வந்து நின்றான். கிட்டே வரவில்லை. அங்கிருந்தே கத்தினான்.

"ஏலே, ஒடம்பு எப்படில இருக்கு?"

என்னை விசாரிக்க வந்தானா, நாற்காலியை விசாரிக்க வந்தானா? அவனுக்கே தெரிந்திருக்காது. வயிற்றைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டு நிமிர்ந்து நின்றேன்.

"கல்லு மாதிரி இருக்கேன்ல!"

"சந்தோசம்ல" என்றான். அவ்வளவு தூரத்தில் முகம் தெரியவில்லை.

ஊரில் நோய் தணிந்த மூன்றாம் நாள் பழைய குமாஸ்தாவுக்கு வயிறு குணமாகிவிட்டது. அவர் நாற்காலிக்கு வந்தார். நான் பெஞ்சுக்குப் போனேன். காதர் நகர்ந்து இடம் விட்டான்.

வேலை தேடும் தம்பிகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: வலியக் கூப்பிட்டு வேலை தருகிறவரிடம், அந்த இடம் எப்படிக் காலியானது என்று கேட்டுவிடுங்கள். அடுத்த கோடையில் மறுபடி ஆக்டிங் என்று உள்ளே கூப்பிட்டபோது நான் கேட்டேன்.

சிரஸ்தார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "கேள்வி கேக்குறவனுக்குக் கச்சேரியில என்னய்யா வேல? ஏய் காதரு, இங்க வா!"

பெஞ்சு கிறீச்சிட்டது. காதர் கதவைத் தாண்டுவதற்குள், "நானே போறேங்கய்யா" என்று சொல்லிவிட்டேன்.