அக்கியூஸ் பண்ண வராதவர்கள்

ஸ்போக்கன் இங்கிலிஷ் வாத்தியார் வேலையில் ஒரு சொல்லைச் சொல்லிக் கொடுப்பது சுலபம். அதை அடுத்தவர் வாயிலிருந்து வரவழைப்பதற்குள் நம் தொண்டைத் தண்ணீர் வற்றிவிடும். ஹட்டனில் ஞாயிறு வகுப்பு நடத்தும் என்னைப்போல் அவதிப்படும் சகாக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மழையும் குற்றவாளிதான்

அன்று 'அக்கியூஸ்' பாடம். ஒருவர்மேல் குற்றம் சாட்டுவது என்று விளக்கிவிட்டு, ஆளுக்கொரு வாக்கியம் கேட்டேன். ஒருவர் மழையைக் குற்றம் சாட்டினார். இன்னொருவர் மூடுபனியை. வட்டவளையிலிருந்து வரும் அக்கா பஸ்ஸை. மழையைக் கூண்டில் ஏற்ற முடியாது, மனுஷர் யாரையாவது சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளுக்கெல்லாம் ஒரே பீலிக்குழாய் உள்ள இடத்தில், பிறந்து வளர்ந்த யோகராஜா எழுந்தார்.

"ஆளச் சொல்லிட்டா, விடிஞ்சா அவங்களோடதான் அதே பீலியில தண்ணி புடிக்கணும் சேர்!"

ஒரே ஒரு கேள்வி

ஜெசிந்தா நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் அறை சுத்தம் செய்கிறவர். ஒரு ஞாயிறு அழுத முகத்தோடு வந்தார். அங்கே தங்கியிருந்த வெள்ளைக்கார அம்மாவின் மோதிரத்தைக் காணவில்லை. எடுத்தது ஜெசிந்தாதான் என்று அந்த அம்மா சாடையாகச் சொல்லியிருக்கிறார். மறுநாள் மனேஜர் முன்னால் விசாரணை. வேலை போனால் வேறு தேடலாம், திருடி என்ற பேர் வந்தால் யார் வேலை கொடுப்பார்கள்? எனக்கு ரத்தம் கொதித்தது. பலகை நிறைய ஒரு வக்கீல் பேச்சே எழுதித் தள்ளினேன். அவர் நிதானமாகப் பார்த்து, ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னார். மிஞ்சியது, 'ஆர் யூ அக்கியூசிங் மீ, மேடம்?' என்மேல் குற்றம் சாட்டுகிறீர்களா அம்மா என்ற கேள்வி மட்டும்.

"இது போதும் சேர், மிச்சத்த நிமிந்து நின்னு பாத்துக்கிறேன்."

கையுறைக்குள்

அடுத்த ஞாயிறு வகுப்பே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஜெசிந்தா சிரித்துக்கொண்டே வந்தார். கேட்டாராம். கேட்டுவிட்டு அந்த அம்மாவின் கண்ணைப் பார்த்தபடியே நின்றாராம். ஆமென்று சொல்லாமல் அந்த அம்மா பார்வையைத் திருப்பிக்கொண்டாராம். மனேஜர் இன்னொரு தடவை தேடச் சொல்ல, அந்த அம்மா குளிருக்குப் போட்டுக் கழற்றிய கையுறைக்குள்ளேயே மோதிரம் கிடந்திருக்கிறது. எல்லோரும் கைதட்டினோம், எனக்குக் கண் கலங்கிவிட்டது. "சும்மாவா விட்டீங்க? பொய்ப்பழி போட்டாங்கன்னு நீங்க அவங்கள அக்கியூஸ் பண்ணியிருக்கணும்!" என்று குதித்தார் யோகராஜா.

"குத்தவாளிங்கிற பேரோட ஒரு நாள் இருந்து பாத்துட்டேன் அண்ணே, அத இன்னொருத்தர் தலையில வைக்க மனசு வரல."

இத்தனை பேருக்கு இந்தச் சொல்லைப் படிப்பித்தும் ஒருவரைக்கூட உருப்படியாகக் குற்றம் சாட்ட வைக்க முடியவில்லை என்பதுதான், வாத்தியார் வேலையில் நான் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஒரே தோல்வி.