கேட்டால் சொல்லிவிடும் கருவி

அந்த ஆஸ்பத்திரியின் சர்வர் அறையில் அவரை எல்லோரும் 'கைடு' என்றுதான் கூப்பிடுவார்கள். அங்கே மவுசுக்கு வேலை இல்லை. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டினால்தான் சர்வர்கள் காது கொடுக்கும். ஒவ்வொரு கட்டளைக்கும் பின்னால் வால்போலச் சில எழுத்துகள் வரும். எந்த வால் எதற்கு என்பது கைடுக்குத் தலைகீழ்ப் பாடம். "அண்ணே, இதுக்கு என்ன போடணும்?" என்று யாராவது தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றால், டீயைக் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சிவிட்டுத்தான் வாயைத் திறப்பார். அந்த நேரம் அவருக்குச் சொர்க்கம்.

எதிர் மேஜைக்கு ஒரு பெண் வேலைக்கு வந்து சேர்ந்தாள். எப்படியும் தன்னிடம் வருவாள் என்று கைடு காத்திருந்தார். அவளோ கட்டளையின் பெயரைத் தட்டி, பக்கத்தில் 'ஹெல்ப்' என்று சேர்த்தாள். அந்தக் கட்டளையை நடத்தும் மென்பொருள் கருவியே எல்லா வாலையும் வரிவரியாகச் சொல்லிவிட்டது. இன்னும் விவரம் வேண்டுமென்றால் சர்வரிலேயே இருக்கும் கையேட்டுப் பக்கங்களைத் திறந்துகொண்டாள். இப்படி ஒன்று இருப்பது கைடுக்கும் தெரியும். யாரிடமும் அவர் மூச்சு விட்டதில்லை, அவ்வளவுதான்.

சர்வர்களுக்கு வயர் இழுக்கும் கேபிள்காரர் அவள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டுச் சிரித்தார். "இவ்வளவுதானா! இதுக்கா அண்ணன் டீ குடிச்சு முடிக்கிற வரைக்கும் ஒத்தக்கால்ல நின்னோம்?"

கைடுக்கு வயிறு எரிந்தது. அன்றைக்கு வீட்டிலும் சாப்பாடு இறங்கவில்லை.

"ஏங்க, தட்டையே பார்த்துக்கிட்டு இருக்கீங்க? யாரு மேல கோபம்?" என்றாள் மனைவி.

"கோபமா? எனக்கா?"

"அப்போ பொறாமை. ரெண்டுக்கும் உங்க மூக்கு ஒரே மாதிரிதான் செவக்கும்."

அவர் எழுந்துபோய்ச் சாமி படத்துக்கு முன்னால் கண்ணை மூடி வேண்டிக்கொண்டார். "சாமி, அந்தப் பொண்ணு நல்லா இருக்கட்டும். ஆனா ஒரே ஒரு தடவை என்கிட்ட வந்து ஏதாவது கேக்கட்டும்." இதற்கெல்லாமா கடவுளைத் தொந்தரவு செய்வது என்று அவருக்கே கூச்சமாக இருந்தது.

கூச்சம் இருந்ததே தவிர, பொறுமை இல்லை. மறுநாள் காலையில், சர்வரில் இடம் போதவில்லை என்று தனக்குத்தானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு, கையேட்டுப் பக்கங்களை எல்லாம் அழித்துவிட்டார். அவள் ஒரு பக்கத்தைத் திறக்கப் பார்த்தாள், இல்லை. புருவத்தை உயர்த்தினாள். பிறகு சாவகாசமாக 'ஹெல்ப்' என்று தட்டினாள். அது கருவியின் வயிற்றுக்குள்ளேயே இருப்பது. கருவியையே தூக்கினால்தான் அது போகும்.

மதியம் மேனேஜர் ஓடி வந்தார். "ஒரு சர்வர்ல ஃபேன் மக்கர் பண்ணுது. அதுல ஓடுற வேலையெல்லாம் பக்கத்து சர்வருக்கு மாத்திடுங்க. டாக்டருங்க ஸ்கிரீன் எதுவும் நின்னுடக் கூடாது."

அதற்கான கருவி புதிதாகப் போட்டது. அதன் வால் கைடுக்கு நினைவுக்கு வரவில்லை. கைப்பழக்கத்தில் கையேட்டைத் திறந்தார். பக்கம் இல்லை என்றது திரை. யாரைத் திட்டுவது? எதிரே அவள் உட்கார்ந்திருந்தாள். அவள் கண்ணெதிரில் 'ஹெல்ப்' தட்டுவதைவிட, உத்தேசமாக எதையாவது போட்டுவிடலாமா என்று விரல் துடித்தது. நோயாளிகளின் நினைவு வந்தது. "சாமி" என்று முணுமுணுத்துவிட்டு 'ஹெல்ப்' என்றே தட்டினார்.

கருவி மடமடவென்று சொல்லிவிட்டது. டீ குடிக்கவில்லை, காக்க வைக்கவில்லை. அதன்மேல்கூட அவருக்குப் பொறாமை வந்தது.

ஒரு திரையும் நிற்காமல் வேலை முடிந்தது. அவள் எழுந்து வந்தாள்.

"அண்ணா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாமா?"

கைடுக்கு நெஞ்சு நிறைந்தது. சாமி காதில் விழுந்துவிட்டது! "கேளும்மா."

"கையேட்டுப் பக்கமெல்லாம் யாருண்ணா அழிச்சது? ஹெல்ப்ல அது மட்டும் வரல."

அவர் கை டீ கப்பைத் தேடியது. காலி.

"நான்தாம்மா."

"தெரியும்ண்ணா. அழிக்கிற அனுமதி உங்க ஒருத்தருக்குத்தானே இருக்கு."

அதுவும் தெரிந்திருக்கிறது இவளுக்கு! பெருமூச்சு விட்டபடி கைடு பக்கங்களைத் திரும்ப ஏற்ற ஆரம்பித்தார். இனிமேல் சாமியிடம் வேண்டும்போது, என்ன கேள்வி என்பதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.