ஏதுபந்தி உந்தா?

போன ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து போர்ஷன் கலா தன் சொந்த ஊருக்கு என்னையும் கூட்டிப்போனாள். பஸ்ஸை விட்டு இறங்கியதும், முதல் வீட்டு வாசலில் நின்று ஏதோ கேட்டாள். என் காதில் விழுந்தது "ஏது பந்தி?" என்பது மட்டும்தான். அடடா, யார் வீட்டிலோ கல்யாணம் போலிருக்கிறது... நான் பாட்டுக்கு வாழையிலை கனவில் இறங்கிவிட்டேன்!

என்ன செய்வது? சென்னையிலிருந்து வந்து திருச்சானூரில் குடியேறி ரெண்டு வருஷம்தான் ஆகிறது. என் தெலுங்கின் லட்சணம் அவ்வளவுதான்.

ஏதுபந்தி உந்தா என்றால் முள்ளம்பன்றி இருக்கிறதா என்று அர்த்தமாம். அது முன்பு எங்கெல்லாம் இருந்தது, இப்போது எங்கே இருக்கிறது, எங்கே காணாமலே போய்விட்டது என்று ஊர் ஊராக விசாரித்து மேப்பில் குறிப்பது கலாவின் கான்ட்ராக்ட் வேலை. பாகாலா பக்கமெல்லாம் முடித்துவிட்டு, அன்றைக்கு சித்தூருக்கு அந்தப்புறம் உள்ள அவள் ஊருக்கே வந்திருந்தாள். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர். வீட்டில் தமிழ், ஆபீஸ் விஷயமென்றால் தெலுங்கு.

வீடு வீடாகக் கேட்டாள். எல்லா வீட்டிலும் ஒரே பதில் - "லேது." இல்லையாம்.

கலாவின் முகம் தொங்கிப்போயிற்று. ஊருக்குப் பின்னால் இருக்கும் குன்றைக் கல்லுக்காக உடைக்கப் போவதாகப் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே முள்ளம்பன்றியே இல்லை என்று இவள் கையாலேயே எழுதிக் கொடுத்தால், நாளைக்கு அந்தக் குன்றுக்காக யார் வாயைத் திறப்பார்கள்? அதற்காக, இல்லாததை இருக்கிறது என்று எழுத முடியுமா?

கடைசியாக அவள் வீடு. அவளைப் பெற்ற அப்பாவும் "லேதம்மா" என்றார் - மகளிடம், தெலுங்கில்! கலாவுக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது.

கழுத்தில் கிடந்த ஐடி கார்டைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். டிரெய்னிங்கில் சொல்லிக்கொடுத்தபடியே காலையிலிருந்து தெலுங்கில் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அந்த ஊரில் தெலுங்கில் கேள்வி வந்தால் அது கவர்மெண்ட். கவர்மெண்ட் கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவது உடம்புக்கு நல்லது.

"நைனா, எய்ப்பன்னி இன்னும் வருதா?" முள்ளம்பன்றிக்கு அந்த ஊர்த் தமிழில் அதுதான் பெயர்.

"எய்ப்பன்னியா? வந்துகினுதானே கீது!"

அவரே வேர்க்கடலைக் கொல்லைக்குக் கூட்டிப்போனார். தோண்டிய மண், சிதறிய தோல், கறுப்பும் வெள்ளையுமாகப் புது முள். கலா போட்டோ எடுத்துத் தள்ளினாள். முன்பெல்லாம் குட்டிகளோடு வருமாம். இப்போது ஒண்டியாக ஒன்றுதான் வருகிறதாம். கேட்கவே சங்கடமாக இருந்தது.

பின்னே ஏன் லேது? கூலி கிடைக்காத நாளில் அதை அடித்துச் சாப்பிட்ட குடும்பங்கள்தான் எல்லாம். கேஸ் கீஸ் போட்டுவிடுவார்களோ என்ற பயம்.

அதெல்லாம் ஒன்றும் வராது என்று கலா சமாதானம் சொன்னாள். ஆனால் மேப்பில் ஏற, நிலத்துக்காரர் பெயர் வேண்டுமே... கேட்கத் தயங்கினாள். அவர் கொல்லையை ஒரு முறை சுற்றிப் பார்த்தார்.

"அப்ப நமக்கு நெலமே இல்ல, அத துன்னோம். இப்ப நம்ம கொல்லில அது துன்னுது. துன்னுட்டுப் போவட்டும். நெலத்துக்காரன்னு என் பேரயே போடு."

எனக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. ஆனாலும் பெருமையாக இருந்தது.

சற்று முன்னால் பயந்து லேது சொன்ன மனுஷன், பெயரை எழுதி முடித்ததும் எட்டிப் பார்த்து இனிஷியலையும் சேர்க்கச் சொன்னார்!