வாப்பாவின் போனில் கிடந்த மூன்று தவணை

மாமா அன்று பார்சலை வாங்கினார், காசைத் தந்தார், ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். ஏதோ நடந்திருக்கிறது என்று அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

திருகோணமலைத் துறைமுக வாசலில் மத்தியானச் சோற்றுப் பார்சல் விற்கிறவள் நான். உம்மா சமைப்பார், நான் ஸ்கூட்டியில் கொண்டுபோய் விற்பேன். மாமா என்று நான் கூப்பிடுகிறவர் எங்கள் சொந்தக்காரர் இல்லை. வாப்பாவோடு துறைமுகத்தில் ஒன்றாக வேலை செய்தவர், நாங்கள் முஸ்லிம்கள், அவர் தமிழர், எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. பார்சல் வாங்கும்போது ஏதாவது ஒரு பகிடி விடாமல் போகமாட்டார். "மகள், இண்டைக்கு மீன் துண்டைத் தேடப் பூதக்கண்ணாடி கொண்டு வரவேணுமோ?" என்பார். "கறிவேப்பிலைய விலக்கிப் பாருங்க மாமா, கீழ ஒளிஞ்சிருக்கும்" என்பேன். வாப்பா மௌத்தாகி அவரை அடக்கிய பிறகும் அவர் அந்தப் பகிடியை நிறுத்தவில்லை. வேண்டுமென்றேதான் நிறுத்தவில்லை என்று நினைக்கிறேன்.

இப்போது மூன்று நாளாகப் பகிடி இல்லை. நாலாம் நாள் மற்றவர்கள் போகும்வரை ஓரமாக நின்றார்.

"மகள், ஒண்டு கேக்கிறன். கோவிக்காத. ஸ்கூட்டிக் காசு ஒழுங்காக் கட்டுறியோ?"

"ஓம் மாமா. ஏன்?"

"உண்மையச் சொல்லு."

"சத்தியமாக் கட்டுறன். மாசம் பிறந்த உடன போட்டிருவன்."

அவர் சட்டைப் பையில் இருந்து நாலாக மடித்த ஒரு பேப்பரை எடுத்தார். வீட்டுக் கூரை மாற்றுவதற்கு அவர் பாங்கில் கடன் கேட்டிருந்தார். மாரி வருவதற்கு முன் பழைய ஓட்டைக் கழற்றித் தகரம் போடவேண்டும், போன மாரியிலேயே நாலு இடத்தில் ஒழுக்குக்குச் சட்டி வைத்துப் படுத்தார்கள். பாங்க் ஏலாது என்று சொல்லிவிட்டது. கொழும்பில் இருந்து எடுத்த அவருடைய கடன் அறிக்கையில் மூன்று மாதம் தவணை தவறியிருக்கிறதாம். அவர் வாங்கிய கடன் இல்லை. அவர் பிணைக் கையெழுத்து வைத்த கடன். என்னுடைய ஸ்கூட்டி.

"அப்ப இந்தப் பேப்பர் பொய் சொல்லுதோ?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"உங்களுக்குப் போன் எடுக்கல்லையா மாமா அவங்க?"

"என்ர பழைய நம்பருக்கு எடுத்திருப்பாங்கள். அந்தப் போன் போன வருசமே இறங்குதுறையில இருந்து கடலுக்க விழுந்திட்டு. மீன்தான் எடுத்துக் கதைச்சிருக்கும்."

பகிடி மாதிரித்தான் சொன்னார். ஆனால் சிரிக்கவில்லை.

எனக்கு அழுகை வந்தது, அழவில்லை. என் பேர் கெட்டால் கெடட்டும் என்று விடலாம். இவர் எனக்காகக்கூடக் கையெழுத்து வைக்கவில்லை, வாப்பா கேட்டார் என்று வைத்தார். இனி யாரும் வாப்பாவைப் பற்றிக் கதைத்தால், அவருடைய மகளால் சிநேகிதனின் கூரை போடாமல் நின்றது என்றல்லவா சொல்வார்கள்?

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஸ்கூட்டியைத் தவணைக்கு லீசிங்கில் எடுக்கும்போது எல்லாப் பேப்பரையும் வாப்பாதான் நிரப்பினார். எனக்கு பாங்கில் கணக்கு இல்லாததால் அவருடைய சம்பளக் கணக்கில் ஸ்டாண்டிங் ஓடர் போட்டார். மாதம் பிறந்ததும் பார்சல் காசை நான் பாங்க் வாசலில் இருக்கும் மெஷினில் அந்தக் கணக்குக்குப் போடுவேன், ஐந்தாம் திகதி அது தானாக லீசிங் கம்பனிக்குப் போய்விடும். தொடர்புக்கு என்ற இடத்திலும் வாப்பா தன்னுடைய போன் நம்பரைத்தான் எழுதினார். எனக்கு அது மிகவும் வசதியாக இருந்தது. நான் எதையும் பார்க்கத் தேவையில்லை.

வாப்பாவுக்கு வேலையில் இருக்கும்போதுதான் நெஞ்சு வலித்தது. நான் வாசலில் பார்சல் விற்றுக்கொண்டு நின்றேன். அம்புலன்ஸ் வெளியே வந்தபோது அதற்கு வழி விட்டு ஸ்கூட்டியை ஓரமாக எடுத்ததும் நான்தான். உள்ளே இருந்தது யார் என்று பிறகு வந்து சொன்னார்கள். இதை எழுதவேண்டாம் என்றுதான் நினைத்தேன். எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் விளங்காது. அதற்குப் பிறகு மூன்று மாதம் நான் சோறு கட்டினேன், விற்றேன், காசு போட்டேன். வேறு எதையும் நான் கவனிக்கவில்லை.

அடுத்த நாள் நகரத்தில் இருக்கும் லீசிங் கம்பனிக்குப் போனேன். டை கட்டிய ஒரு இளம் ஆள் கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார். கம்பியூட்டரைப் பார்த்துவிட்டு, "மூண்டு தவணை வரேல்ல" என்றார்.

"போட்டனான் சேர்."

"எங்க போட்டீங்க?"

"வாப்பாட கணக்கில. எப்பவும் போடுற மாதிரி."

"ஸ்டாண்டிங் ஓடர் திரும்பி வந்திருக்கு. உங்கட வாப்பாவ ஒருக்கா வரச்சொல்லுங்க."

"அவர் மௌத்து சேர்."

கம்பியூட்டரில் இருந்து கையை எடுத்துவிட்டார். "பாங்குக்கு அறிவிச்சீங்களா?" என்று கேட்டார்.

அறிவித்தேன். வாப்பாவை அடக்கி இரண்டு கிழமைக்குள் மரணச் சான்றிதழை நானேதான் கொண்டுபோனேன். அதைச் சொல்லாமல் இருப்பது களவு என்று எனக்குப் பட்டது. கவுண்டரில் இருந்த பெண் வாங்கிக்கொண்டு, வருத்தம் சொல்லி, ஒரு பேப்பரில் கையெழுத்து எடுத்தாள். நான் வெளியே வந்து, அதே கட்டடத்தின் வாசலில், அதே கணக்கில், அந்த மாதக் காசைப் போட்டேன். மெஷின் வாங்கிக்கொண்டது. வாங்கும் என்றால் எல்லாம் சரி என்றுதானே நினைப்போம்.

"ஆள் இறந்தது எண்டு தெரிஞ்சா கணக்க நிப்பாட்டிருவாங்க. காசு உள்ள போகும். வெளிய வராது" என்றார் அவர்.

எனக்குக் கிண்ணியாப் பக்கம் களப்பில் மீன் பிடிக்க வைக்கும் கூடுதான் ஞாபகம் வந்தது. மூன்று மாதம் நானே கொண்டுபோய் ஒவ்வொன்றாக உள்ளே விட்டிருக்கிறேன்.

"துண்டு இருக்கா? மெஷின் தந்திருக்குமே?"

இருந்தது. கொண்டும் போயிருந்தேன். ஆனால் அவற்றை ஸ்கூட்டி சீற்றுக்குக் கீழே, பார்சல் வைக்கும் பெட்டிக்குள் வைத்திருந்தேன். தினமும் அதன்மேல் சுடச்சுடச் சோறு இருந்தது. மூன்று துண்டும் முழுக்கக் கறுத்துப் போயிருந்தன, ஒரு எழுத்துக்கூடத் தெரியவில்லை. அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். "பருப்புக் கறி" என்றார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பாங்கில் கேட்டால், கணக்கு விவரம் வாரிசுப் பேப்பர் இல்லாமல் தர ஏலாதாம். அதற்கு உம்மா வரவேண்டும். உம்மா இத்தாவில் இருந்தார். புருஷன் மௌத்தானால் நாலு மாதம் பத்து நாள் வெளியே இறங்கமாட்டார்கள். அது முடிய இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. மாரி அதற்காகக் காத்திருக்காது.

நான் திரும்பவும் லீசிங் கம்பனிக்குப் போனேன். டை கட்டினவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "காசு போட்டா கணக்குக்காரர்ட போனுக்கு மெசேஜ் போகும். அந்தப் போன் இருக்கா?"

இருந்தது. உம்மாவின் அலுமாரிக்குள்.

வாப்பா மௌத்தான அன்றே அதன் சத்தத்தை நிறுத்தி, தன் சாறிகளுக்கு நடுவில் உம்மா வைத்துவிட்டார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எடுத்து சார்ஜ் போடுவார், திருப்பி வைப்பார். யாரையும் தொடவிடமாட்டார். அன்றைக்கு நான் போய்க் கேட்டதும் அரிசி கழுவிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

"அது எதுக்கு?"

சொன்னேன். மாமாவின் கூரை, மூன்று தவணை, எல்லாம் சொன்னேன்.

"அதுல வந்து கிடக்கிறதெல்லாம் அவருக்கு வந்தது" என்றார் உம்மா. "நாம திறந்தா வாசிச்சதாப் போயிரும்."

"வாசிச்சா என்ன உம்மா?"

"பிறகு புதுசா ஒண்டும் இருக்காதே."

குசினிக் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. தண்ணீர் நிரம்பி அரிசி வெளியே வழிந்தது. உம்மாதான் குழாயை மூடினார்.

"அந்தத் தம்பிட வீடு நனையிற மாதிரியா உங்க வாப்பா செய்வாரு?" என்று தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டு, கையைத் துடைத்தபடி அறைக்குள் போனார். போனைக் கொண்டுவந்து என்னிடம் தரவில்லை, தானே விரலால் கோடு இழுத்துத் திறந்தார். அந்தக் கோடு அவருக்குத் தெரியும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. எனக்கும் பழக்கினார்.

பாங்க், லீசிங் மெசேஜ் எல்லாம் இங்கிலீசில். எனக்குத் திகதியும் தொகையும் வாசிக்கத் தெரியும், அது போதும். பாங்கில் இருந்து மூன்று, இன்ன திகதி இவ்வளவு காசு வந்தது என்று. மூன்றும் ஐந்தாம் திகதிக்கு முன். அவற்றுக்கு நடுவில் லீசிங் கம்பனியிடம் இருந்து வந்தவை. முதலாவது சின்னது, பிறகு வரவர நீளம். காசு வந்தது என்று ஒன்று, வரவில்லை என்று இன்னொன்று. இரண்டும் ஒரே போனுக்குள், சாறிகளுக்கு நடுவில், யாரும் பார்க்காமல் பக்கத்தில் பக்கத்தில் இருந்திருக்கின்றன.

இடையில் யாரோ வாப்பாவுக்கு "எப்ப வாறாய்?" என்று அனுப்பியிருந்தார்கள். மேலே தெரிந்த அந்த வரியோடு விட்டோம், அதை நாங்கள் திறக்கவில்லை.

அந்தப் போனைக் கையில் பொத்திக்கொண்டு நகரத்துக்குப் போனேன். டை கட்டினவர் மெசேஜ்களை ஒவ்வொன்றாகப் படம் எடுத்தார். உள்ளே போய் மேலதிகாரியோடு கதைத்துவிட்டு வந்தார்.

"பிழை உங்கடது இல்ல. ஆனா காசும் எங்களுக்கு வரேல்ல. ரெண்டும் உண்மை. நீங்க மூண்டு தவணையையும் கட்டினா, தண்டக் காசை எடுத்துவிடலாம். இது தவறின தவணை இல்ல எண்டு நாங்க கொழும்புக்கு எழுதுறம். நீங்களும் ஒரு படிவம் நிரப்பவேணும்."

மூன்று தவணையை அயலில் நாங்கள் பிடிக்கும் சீட்டில் எடுத்தேன். எனக்கு முறை வர இன்னும் நாலு மாதம் இருந்தது. அந்த மாதம் முறை இருந்த பக்கத்து வீட்டு மாமி, "பிள்ளைக்கு முதல்ல குடுங்க, என்ட சங்கிலி அடகுக் கடையில பத்திரமாத்தானே கிடக்கு" என்று விட்டுத்தந்தார்.

படிவம்தான் பயமாக இருந்தது. 'ஆட்சேபணைக்கான காரணம்' என்று போட்டு அதற்குப் பக்கத்தில் ஒரு கோடு. ஒரேயொரு கோடு. என் கையெழுத்து பெரியது. நான் எழுதினேன்: 'என்ர வாப்பா மௌத்தாயிட்டார். நான் ஒவ்வொரு மாசமும் காசு போட்டனான். அது அவரோட நிண்டிட்டுது. பிணை நிண்ட மாமாவில ஒரு பிழையும் இல்ல.' கோடு முடிந்து, ஓரத்தில் ஏறி, அடுத்த கேள்வியின் மேலும் போய்விட்டது.

"வேற படிவம் தரட்டா? வடிவா எழுதலாம்" என்றார்.

"இதுல பிழை இருக்கா சேர்?"

திரும்ப வாசித்தார். "இல்ல" என்று சொல்லிவிட்டு முத்திரை குத்தினார். வாப்பாவின் கணக்கு ஏன் நின்றது, எந்தத் திகதியில் நின்றது என்று பாங்கிடம் அவர்களே எழுதிக் கேட்டு எடுத்தார்கள். நான் அன்றே என் பேரில் கணக்குத் திறந்தேன். தொடர்பு நம்பர் என்ற இடத்தில் என் நம்பரை எழுதினேன். எழுதிவிட்டு இரண்டு தரம் சரிபார்த்தேன்.

பிறகு காத்திருப்பு. தினமும் பார்சல் கொடுக்கும்போது மாமா என் முகத்தைப் பார்ப்பார், நான் வானத்தைப் பார்ப்பேன். கடலுக்கு மேலே ஒவ்வொரு பின்னேரமும் கறுத்தது, கறுத்துக் கறுத்துக் கலைந்தது. இத்தனை நாள் மழை வரக்கூடாது என்று துஆக் கேட்டதற்கு விவசாயிகள் என்னை மன்னிக்கவேண்டும்.

ஒரு திங்கட்கிழமை டை கட்டினவர் என் போனுக்கே எடுத்தார். அறிக்கையைத் திருத்தியாகிவிட்டது. என்னுடையதும் மாமாவுடையதும். வந்து பார்க்கச் சொன்னார். போய்ப் பார்த்தேன். அந்த மூன்று மாதத்தின் 'பிந்திய நாள்' கட்டங்களிலும் பூச்சியம் இருந்தது. மூன்று பூச்சியம். பள்ளிக்கூடத்தில் பூச்சியம் வாங்கினபோது வாப்பா அடித்திருக்கிறார். இதைப் பார்த்திருந்தால் என்ன செய்திருப்பாரோ.

அறிக்கையின் பிரதியைப் பார்சலுக்கு மேலே வைத்து மாமாவிடம் நீட்டினேன். நின்றபடியே வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் உன்னைச் சந்தேகப்பட்டனான் மகள்."

"தெரியும் மாமா."

"மூண்டு நாள்."

"நாலு நாள். எண்ணினனான்."

"எண்ணத் தெரியுதுதானே. அப்ப மீன் துண்டையும் ரெண்டா எண்ணி வை" என்றார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

பாங்க் கடன் கொடுத்தது. மாரி பிந்தியது. தகரம் அடித்து முடிந்து ஒரு கிழமைக்குப் பிறகு உம்மாவின் இத்தா முடிந்தது. அதன்பிறகு உம்மா முதன்முதலாக இறங்கிப் போன வீடு மாமாவின் வீடு. என்ன சொல்வது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். மாமா எங்களை உள்ளே கூப்பிட்டுக் கதிரை போட்டார், அவருடைய மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து தந்துவிட்டுப் பக்கத்தில் இருந்தார். உம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "தம்பி, எங்களால உங்களுக்கு..." என்று தொடங்கினார். மழை விழுந்தது.

புதுத் தகரம். பக்கத்தில் இருக்கிறவர் வாய் அசைவதுதான் தெரிந்தது.

"என்ன சொன்னீங்க அக்கா?" என்று மாமா கத்தினார்.

உம்மா திரும்பவும் சொன்னார்.

"கேக்கேல்ல!"

உம்மா கையை விரித்தார். ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினார். பிறகு சிரித்துவிட்டார், வாப்பா போன பிறகு முதல்தரம். மாமா மேலே காட்டிக் கத்தினார்: "இனி மாரி முழுக்க நித்திரை இல்ல! எல்லாம் உங்கட மகளால!"

நான் கூரையை அண்ணாந்து பார்த்தேன். ஒரு இடத்திலும் ஒழுகவில்லை. அந்தச் சத்தத்துக்குள்ளேயே நாலு பேரும் தேத்தண்ணியைக் குடித்து முடித்தோம்.