வெறும் குழாயில் வந்த பாதரசம்

அவள் முகத்தில் பச்சைத் தண்ணீரைத் தவிர வேறெதுவும் பட்டதில்லை. அதனால் ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவள் ‘பச்சைத்தண்ணி’. கடைகளிலிருந்து வரும் முகப்பூச்சுகளையும் உதட்டுச்சாயங்களையும் அமிலத்தில் கரைத்து, ஈயமோ பாதரசமோ ஒளிந்திருக்கிறதா என்று கருவியில் பார்ப்பது அவள் வேலை. பூசிக்கொண்டு வந்தால் அவள் முகமே சோதிக்க எடுத்த மாதிரியில் கலந்துவிடும்.

தாய் தகப்பன் போன பிறகு தங்கையை வளர்த்ததும் கட்டிக்கொடுத்ததும் அவள்தான். அந்த ஓட்டத்தில் தன் கல்யாண வயது எப்போது கடந்தது என்று அவளுக்கே தெரியாது. இப்போது தங்கை ஐந்து மாதக் கர்ப்பிணி. மாப்பிள்ளை கப்பலில் வேலைக்குப் போய்விட்டதால் அக்கா வீட்டில் இருந்தாள். காலையில் குமட்டி வியர்த்துப்போய் உட்காரும் அந்த முகத்தைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்ட பிறகுதான் அக்கா பஸ் பிடிக்க ஓடுவாள்.

ஒவ்வொரு முறை சோதிக்கும்போதும் ஒரு குழாயில் அமிலத்தை மட்டும் ஊற்றி வைப்பார்கள். அதில் எதுவும் வரக்கூடாது. வந்தால் அழுக்கு பூச்சில் இல்லை, சோதிப்பவரிடம் இருக்கிறது என்று அர்த்தம். அந்த வெறும் குழாயில் ஒருநாள் பாதரசம் வந்தது.

ஆய்வகத் தலைவர் குரலை உயர்த்தவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மறுபடி செய்யச் சொன்னார். மறுநாளும் வந்தது. “பச்சைத்தண்ணியிலயே கலப்படமா?” என்றாள் பக்கத்து மேசைக்காரி. யாரும் சிரிக்கவில்லை.

அமிலத்தை மாற்றினாள். குழாய்களை மாற்றினாள். கடைசியில், கையுறை போட்ட கை எதையெல்லாம் தொடுகிறது என்று தன்னைத்தானே வேவு பார்த்தாள். மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்தபோது அந்தக் கை தானாகப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தது. துடைத்த கையோடு, கையுறையை மாற்றாமல், குழாயைத் தொடப்போனது.

கைக்குட்டையில் ஒரு துண்டு வெட்டி அமிலத்தில் போட்டாள். வந்த எண், வெறும் குழாயில் வந்ததைப்போலப் பல மடங்கு இருந்தது. அது யாருடைய முகம் என்று எந்தக் கருவியும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வீட்டில் கேட்டபோது தங்கை மறைக்கவில்லை. கர்ப்பத்தில் கன்னம் கறுத்துவிட்டதாம். வீடியோவில் பார்த்த புருஷன் “என்ன இப்படி ஆயிட்டே?” என்று கேட்டானாம். தெரிந்தவள் ஒருத்தி, பேர் ஒட்டாத டப்பாவில் முகம் வெளுக்க ஒரு கிரீம் வாங்கிக் கொடுத்தாளாம். அக்கா டப்பாவுக்குக் கை நீட்டினாள். தங்கை அதை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“உனக்கென்னக்கா, உன் முகத்த யாரு பாக்கப் போறா?”

இருபது வருஷம் ஊட்டி வளர்த்த வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது. அக்கா அழவில்லை.

“என்னை யாரும் பாக்க வேணாம். ஆனா நீ பூசறது உன் முகத்தோட நிக்காதும்மா. ரத்தத்துல ஏறி உள்ள இருக்கறதுக்கும் போகுது. அது என்ன பாவம் பண்ணுச்சு?”

தங்கை கதவைச் சாத்திக்கொண்டாள். அதன்பின் அந்த வீட்டில் தட்டும் டம்ளரும்தான் பேசிக்கொண்டன.

ஒரு மதியம் ஆய்வக வாசலில் பெரிய பையோடு தங்கை நின்றாள். உள்ளே அந்த டப்பா, ஒரு துண்டு, தலையணை உறை.

“இதுலயும் ஏறியிருக்குமாக்கா?”

அக்கா அவள் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். ரத்தத்தில் பாதரசம் அதிகமாகத்தான் இருந்தது. நிறுத்திவிட்டதால் மெல்லக் குறையும், குழந்தையைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அன்று புருஷனைத் தங்கையே போனில் அழைத்து எல்லாவற்றையும் சொன்னாள். “இனிமே இந்தக் கறுப்புதான். பாக்கப் பிடிக்கலன்னா போனைத் திருப்பி வச்சுக்குங்க” என்றாள்.

பெண் குழந்தை பிறந்தது. வீறிட்டு அழுதது. பாதரசம் காதையோ மூளையையோ தொட்டிருக்கலாம், நடந்து பேசும்வரை கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார் டாக்டர்.

பார்க்க வந்தவர்கள் மூக்கு யாருடையது, நிறம் யாருடையது என்று விவாதித்தார்கள். பெரியம்மாக்காரி அதில் கலந்துகொள்ளவில்லை. குழந்தையின் காதருகே மெல்லச் சொடுக்கினாள். அது திரும்புகிறதா என்று பார்த்தாள். மறுபக்கம் சொடுக்கினாள்.

“போதும்க்கா, தூங்கட்டும்” என்றாள் தங்கை, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

சரியென்று குழந்தையைப் படுக்க வைத்தாள். அது கண் விழித்ததும் மறுபடி சொடுக்கினாள்.