கடைசி ரயில் காணவில்லை

கடிகாரக் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். தில்லி துவாரகாவில் எங்கள் ஃப்ளாட்டுக்கு எதிர் மார்க்கெட்டில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கும் மோமோ வண்டிக்கும் இடையில், ஒருக்களித்தால் மட்டுமே உட்கார முடிகிற கடை. புது பேட்டரி போட்டு, தன் செல்போனைப் பார்த்து நொடி முள்வரை சரியாக நேரம் வைத்து, கண்ணாடியைச் சட்டைத் துணியால் துடைத்துப் பெருமையோடு நீட்டியிருந்தார் மனிதர். நான் அதை அப்படியே திருப்பிக் கொடுத்து, ஆறு நிமிடம் முன்னால் தள்ளி வைக்கச் சொன்னேன். "சே மினட் ஃபாஸ்ட்?" என்றார். ஆமாம், ஆறு. ஐந்து இல்லை, பத்து இல்லை. கடிகாரத்தைச் சரிசெய்யத்தான் ஆட்கள் வருவார்கள். கெடுக்கச் சொல்லி வந்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். பழுப்புத் தோல்பட்டை, ஓரம் பிய்ந்தது. கண்ணாடியில் மூன்று மணிக்கும் நாலு மணிக்கும் நடுவே ஒரு கீறல். அது என் சித்தியின் கடிகாரம்.

நகரத் திட்டமிடல் படிக்க நான் தில்லிக்கு வந்தபோது, கிட்வாய் நகர் அரசுக் குடியிருப்பில் சித்தி வீட்டில்தான் இரண்டு வருடம் இருந்தேன். அம்மாவின் தங்கை. பாளையங்கோட்டையில் பிறந்து, கல்யாணமாகி வந்து, இருபது வருடத்தில் காய்கறிக்காரரோடு இந்தியிலும் கடவுளோடு நெல்லைத் தமிழிலும் சண்டை போடத் தெரிந்தவர். விமான நிலையத்தில் ஒரு விமானக் கம்பெனியின் காணாமல்போன பெட்டிகளுக்கான கவுன்டரில் வேலை. பெட்டி வராதவர்கள் அழுதுகொண்டும் கத்திக்கொண்டும் வருவார்கள், சித்தி ஒரு படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு, "கலர்? சைஸ்? கைப்பிடியில ரிப்பன் ஏதும் கட்டியிருந்துச்சா?" என்று வைத்தியர் மாதிரி நிதானமாக விசாரிப்பார். கையில் எப்போதும் இந்தக் கடிகாரம், ஆறு நிமிடம் வேகமாக. ரயிலைத் தவறவிடாமல் இருக்க அவரே செய்துகொண்ட ஏற்பாடு. ஆனால் அது வேகம் என்று அவருக்கே தெரியுமாகையால், பார்த்தவுடன் மனத்துக்குள் ஆறைக் கழித்துவிடுவார். ஆக, இந்த ஏற்பாட்டால் யாருக்கு என்ன லாபம் என்று வீட்டில் ஒருவருக்கும் புரிந்ததில்லை. சித்தப்பா மணி கேட்கும்போதே, "ஊரு டைமைச் சொல்லு, ஒன் டைமைச் சொல்லாத" என்பார்.

சித்தப்பா ஒரு மத்திய அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர். சித்தி மாலை ஷிப்டுக்கு மாறியபோது, மேற்பார்வையாளர் பதவி அந்த ஷிப்டில் இருப்பவர்களுக்குத்தான் வரும் என்பதால் மாறியபோது, சாப்பாட்டு மேசையில் ரசம் சாதத்துக்கும் மோர் சாதத்துக்கும் நடுவே அவர் ஓர் உத்தரவு பிறப்பித்தார். கடைசி மெட்ரோ ரயிலை மூன்று முறை தவறவிட்டால் சித்தி வேலையை விட்டுவிட வேண்டும். ராத்திரியில் தனியாக டாக்சியில் வருவது அவருக்கு ஒப்பவில்லை. சித்தியும் சம்மதித்துவிட்டார், தான் தவறவிடப்போவதில்லை என்ற நம்பிக்கையில். நான் போய்ச் சேர்வதற்குள் இரண்டு விக்கெட் விழுந்திருந்தது. முதல் முறை, கல்யாணப் புடவைப் பெட்டியைத் தொலைத்த ஒரு பெண்ணின் அம்மா சித்தியின் கையை விடவில்லை. இரண்டாவது முறை, "கதவு என் மூக்கு நுனியில மூடிச்சுட்டி. உள்ள ஒருத்தன் எனக்கு டாட்டா காட்டுதான்" என்றார்.

சித்தி நடுவில் ஒரு சந்திப்பு நிலையத்தில் வண்டி மாற வேண்டும். எந்த நிலையம் என்று சொல்லமாட்டேன். சொன்னால் அங்கே வேலை செய்யும் ஒரு நல்ல மனிதருக்குச் சங்கடம். சித்தி வரும் வண்டி பாதாளத்தில் நிற்கும். அங்கிருந்து மூன்று நகரும் படிக்கட்டுகள், பிறகு விளம்பரப் பலகைகள் பார்த்துச் சிரிக்கும் ஒரு நீண்ட நடைபாதை, பிறகு மேல்தளம், அங்கே கிட்வாய் நகர்ப் பக்கம் போகும் கடைசி வண்டி. இரண்டு வண்டிக்கும் நடுவே இருந்த இடைவெளி, பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்தில் கோப்பை வாங்கியவர்களுக்குப் போதும். சித்தி ஓடுவார். அவரோடு ஒரு கூட்டமே ஓடும்: ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர், வணிக வளாகக் காவலாளி ஒருவர், கோச்சிங் சென்டர் கணக்கு வாத்தியார் ஒருவர் என்று பதினோரு பேர். பேர் தெரியாது, மூச்சிரைப்பு தெரியும். தினமும் ஒன்றாக ஓடுகிறவர்களுக்குள் வருகிற ஒரு பந்தம் அது. ஒருநாள் யாராவது வரவில்லையென்றால் மறுநாள் உடம்புக்கு என்ன என்று விசாரித்துக்கொள்வார்கள்.

எனக்கு இது போதாதா? ரயில் வரைபடத்தைப் பார்த்தால் மற்ற பெண்கள் நகைக்கடையைப் பார்த்ததுபோல் நின்றுவிடுகிற ஜாதி நான். மூன்று வாரம் தூக்கமில்லாமல் நாற்பது பக்கத்துக்கு ஒரு திட்டம் எழுதினேன். இரவில் எந்தத் தடத்தில் குட்டி வண்டிகள் விடலாம், எங்கே பாதியில் திருப்பலாம், கடைசி வண்டிகள் எல்லாம் சந்திப்புகளில் ஒன்றுக்கொன்று காத்திருந்து பயணிகளைக் கைமாற்றிக்கொள்வது எப்படி, எல்லாம் ஏழு வண்ணத்தில். மெட்ரோ நிர்வாகத்துக்கு இணையத்தில் அனுப்பினேன். இரண்டே நாளில் பதில்: தங்கள் ஆலோசனை குறித்துக்கொள்ளப்பட்டது. வீட்டில் குதித்தேன். சித்தப்பா பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "நோட்டட்னு எழுதியிருக்கானா?" என்றார். ஆமாம் சித்தப்பா! "முப்பது வருசமா நானும் அதைத்தான் எழுதுதேன். செத்துப்போச்சுன்னு அர்த்தம்."

அதோடு விட்டிருந்தால் அவருடைய உத்தரவு ஜெயித்திருக்கும். ஆனால் மனிதருக்கு ஒரு வியாதி. மோசமாக எழுதின கடிதத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவரால் முடியாது. அன்று ராத்திரி என் நாற்பது பக்கத்தைப் புரட்டினவர் பென்சிலைத் தேடினார். "என்ன பிள்ள இது, ஒரே லெட்டர்ல பதினேழு கோரிக்கை! படிக்கவன் எதை மறுக்கன்னே தெரியாம மூடி வச்சிருவான்" என்று முணுமுணுத்தபடி வெட்ட ஆரம்பித்தார். என் குட்டி வண்டிகள் போயின. ஏழு வண்ணமும் போனது. விடியும்போது ஒரே ஒரு பக்கம் இருந்தது, ஒரே ஒரு கோரிக்கையோடு: கீழ்த்தளத்துக் கடைசி வண்டி வந்தபிறகு, மேல்தளத்துக் கடைசி வண்டி நாலு நிமிடம் காத்திருக்கட்டும். அடியில் ஐந்து அதிகாரிகளுக்கு நகல். "அஞ்சு பேருக்குக் காப்பி போட்டாத்தான் ஒருத்தனாவது அடுத்தவனுக்குப் பயந்து படிப்பான்" என்றார். தன் உத்தரவுக்குத் தானே குழி தோண்டுகிறோம் என்பது அவருக்கு உறைக்கவேயில்லை. நானும் சித்தியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் அவருக்கு இரண்டாவது காபி போட்டோம்.

பயணிகளின் கையெழுத்தை இணைப்பாக வைக்க வேண்டும் என்பது சித்தப்பாவின் ஏற்பாடு. வாங்கிவருவது சித்தியின் பொறுப்பு. சித்தியிடம் கவுன்டரின் பழைய அச்சுப் படிவங்கள் ஒரு கட்டு இருந்தது. எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறியபின் கழித்துப்போட்டவை, பின்பக்கத்தில் வீட்டு மளிகை லிஸ்ட் எழுதுவோம். அந்தக் கட்டைத்தான் எடுத்துப் போனார், பின்பக்கத்தில் கையெழுத்து வாங்கலாம் என்று. நர்ஸம்மா முதல் தாளைத் திருப்பினார். அச்சடித்த கட்டங்களைக் கண்டதும், ஓ, இதை நிரப்ப வேண்டும் போலிருக்கிறது என்று நிரப்பிவிட்டார். அதைப் பார்த்து அடுத்தவர். வேறு யாராக இருந்தாலும் தடுத்திருப்பார்கள். சித்திக்கோ கையில் படிவமும் எதிரில் தொலைத்தவரும் இருந்தால் கவுன்டர் புத்தி வந்துவிடும். விடாமல், "பாயி சாப், ஒரு கட்டமும் காலியா விடக் கூடாது, ஃபாரம் செல்லாது" என்று அதட்டி அதட்டி நிரப்ப வைத்திருக்கிறார்.

இணைப்பை ஒட்டி, அந்த நிலையத்து அதிகாரியின் அறையில் அசலையும் மற்ற ஐந்து இடங்களுக்கு நகலையும் கொடுத்துவிட்டு வந்தார். வீட்டில் ஒரு நகல் மிஞ்சியது. அதைச் சித்தப்பா படித்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். காணாமல்போன பொருள்: கடைசி ரயில். நிறம்: வெள்ளி. அளவு: எட்டுப் பெட்டி. கடைசியாகப் பார்த்த இடம்: கண் எதிரே. கணக்கு வாத்தியார், அடையாளம் என்ற இடத்தில், கதவு மூடும்போது டிங் டிங் என்று சத்தம் போடும் என்று எழுதியிருந்தார். 'உள்ளே இருந்தவை' என்ற கட்டத்தில் காவலாளி இந்தியில் ஒரே வரி: நான் இல்லை. சித்தப்பா கண்ணாடியைக் கழற்றினார். போட்டார். மறுபடி கழற்றினார். "அஞ்சு பேருக்குக் காப்பி போயிருக்குட்டி" என்றார், சித்தியிடம் அல்ல, சுவரிடம். அன்று அவர் சாப்பிடவில்லை.

மூன்றாவது வாரம் சித்தியின் செல்போன் அடித்தது. ஒரு ஆண் குரல், சிரிப்பை அடக்கிக்கொண்டு: "மேடம், ஆப்கீ ட்ரெயின் மில் கயீ." உங்கள் ரயில் கிடைத்துவிட்டது. அந்த நிலையத்து அதிகாரிதான் அவர். வரும் திங்கள் முதல் மேல்தளத்து வண்டி நாலு நிமிடம் நிற்கும் என்றார். சித்தப்பாவின் மொழிநடைக்காகவா, காவலாளியின் அந்த ஒரு வரிக்காகவா, எதற்காகக் கிடைத்தது என்று இன்றுவரை எங்கள் வீட்டில் தீர்ப்பாகவில்லை.

திங்கட்கிழமை வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. நகரத்தின் நேரத்தையே நாங்கள் திருத்திவிட்டோம், இனி சித்தி எதற்குப் பொய்க் கடிகாரத்தோடு திரிய வேண்டும்? சித்தி குளிக்கப் போயிருந்த சமயத்தில் கடிகாரத்தை எடுத்து நொடிசுத்தமாகச் சரிசெய்து வைத்தேன். வேலைக்குக் கிளம்பும்போது அவரிடம் சொல்லவும் சொன்னேன். "சரிட்டி, சரிட்டி" என்று செருப்பைத் தேடிக்கொண்டே கேட்டுக்கொண்டார். செருப்பு கிடைத்தது. நான் சொன்னது காதுக்குள் போனதாகத் தெரியவில்லை.

அன்று ராத்திரி கீழ்த்தளத்தில் இறங்கினதும் சித்தி கடிகாரத்தைப் பார்த்தார். வழக்கம்போல ஆறைக் கழித்தார். ஆகா, வண்டி இன்றைக்கு ஆறு நிமிடம் சீக்கிரமாக வந்திருக்கிறது, போதாததற்கு மேலே நாலு நிமிடம் நிற்கும் வேறு! வழக்கப்படி ஓட ஆரம்பித்த கூட்டத்தைக் கையை உயர்த்தி நிறுத்தினார். "அரே, ஆராம் சே! ஜல்தி என்னத்துக்கு? நம்ம வண்டி நமக்காக நிக்கும்லா!" தமிழ் புரியாவிட்டாலும் மனு கொடுத்த தலைவியின் தோரணை எல்லோருக்கும் புரிந்தது. வாழ்க்கையில் முதல்முறையாகப் பதினோரு பேரும் நகரும் படியில் ஓடி ஏறாமல் நின்றபடி போனார்கள். சித்தி நடுவில் எனக்கு போன் செய்து, "ஏட்டி, மகாராணி மாதிரி நின்னுக்கிட்டே வாரேன், கேட்டியா" என்றார். நடைபாதையில் கணக்கு வாத்தியார் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தார். மேல்தளத்தில் கால் வைத்தபோது டிங் டிங் என்று சத்தம் கேட்டது. பதினோரு பேரும் பிளாட்பாரத்தில், வாயில் மிட்டாயோடு.

தான் நிறுத்திவைத்த வண்டி நிறைந்து போகிறதா என்று பார்க்க வந்திருந்த அதிகாரி அங்கேயே நின்றிருந்தார். ஓடி வராத கூட்டத்தையும் போய்விட்ட வண்டியின் வாலையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாராம்: "மேடம், மில்னே கே பாத் ஃபிர் கோ தியா?" கிடைத்ததை மறுபடியும் தொலைத்துவிட்டீர்களா?

சித்தி வீட்டுக்குப் போன் செய்து சொன்னபோதுதான் எனக்குக் கடிகாரம் உறைத்தது. மூன்றாவது விக்கெட்; விழ வைத்தது நான். சித்தப்பா காரை எடுத்தார், நானும் ஏறிக்கொண்டேன். நர்ஸம்மாவையும் சித்தியையும் ஏற்றிக்கொண்டு திரும்பினோம். நர்ஸம்மாவை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்து, மேசையில் உட்கார்ந்ததும் சித்தி கடிகாரத்தைக் கழற்றி வைத்தார். "சொன்ன சொல்லு சொல்லுதான். நாளைக்கு லெட்டர் எழுதிக் குடுத்துருதேன்" என்றார். அவர் கை, இல்லாத படிவத்தின் ஓரத்தை நீவி நீவிச் சரிசெய்துகொண்டிருந்தது. சாயங்காலம்தான் பதவி உயர்வுப் பட்டியலில் தன் பெயர் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நான் அழ ஆரம்பித்தேன். கடிகார விஷயத்தைச் சொன்னேன்.

சித்தப்பா அலுவலகக் குரலில் பேசினார். "முத ரெண்டும் பழைய டைம்டேபிள்ல நடந்தது. புது டைம்டேபிள் அமலுக்கு வந்தாச்சு. வந்தா, பழைய ஆர்டர் தானா காலாவதி. அதனால இன்னைக்கு நடந்தது மூணாவது இல்ல, ஒண்ணு." சித்தி அவரை நிமிர்ந்து பார்த்தார். "பாத்துக்கிட்டு இருக்கா பாரு! என் டிராஃப்ட்டுக்குக் கிடைச்ச வண்டி. நீ வீட்ல உக்காந்துக்கிட்டா அதுல யார் போவா?" என்று எரிந்து விழுந்துவிட்டு, அன்று மூன்று முறை சாதம் போட்டுக்கொண்டார். மறுநாள் காலையில் சித்தி முதல் வேலையாகக் கடிகாரத்தை ஆறு நிமிடம் தள்ளி வைத்தார். அதன்பிறகு அவர் ஒரு வண்டியையும் தவறவிடவில்லை.

சித்தப்பாவுக்குச் சென்னைக்கு மாற்றல் வந்தபோது, ரயிலடியில் இந்தக் கடிகாரத்தை என் கையில் கட்டிவிட்டார் சித்தி. "அங்க போய்ப் புதுசா ஒண்ணு வாங்கிக் கெடுத்துக்கிடுதேன்" என்றார். இப்போது சென்னை விமான நிலையத்தில் அதே கவுன்டருக்கு மேற்பார்வையாளர். நான் ரயில்களுக்கு நேர அட்டவணை போட்டுக் கொடுக்கும் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் இருக்கிறேன். இப்போதெல்லாம் என் அறிக்கைகள் ஒரே பக்கம்தான், நகல் ஐந்து.

கடைக்காரர் முள்ளைத் தள்ளி, தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக நீட்டினார். படம் எடுத்துச் சித்திக்கு அனுப்பினேன். கடையை விட்டு நான் இறங்குவதற்குள் குரல் செய்தி வந்துவிட்டது. பின்னணியில் யாரோ பெட்டி தொலைத்தவர் கத்திக்கொண்டிருந்தார். "ஏட்டி, ஆறெல்லாம் காணாது. இங்க படிக்கட்டு நீளம்லா, நான் ஒம்பது வச்சிருக்கேன். நீயும் ஒம்பதா வச்சுக்கோ, அப்பதான் ரெண்டு பேருக்கும் ஒரே டைமா இருக்கும்."

திரும்பிப் போய்க் கடிகாரத்தை மறுபடியும் மேசையில் வைத்தேன். கடைக்காரர் அதைத் தொடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.